பட்டாளம், பென்ஷன், தன்பாலீர்ப்பு: திண்ணையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து வந்தவன். சண்டை போட்ட கதை என்னிடம் கிடையாது. நான் பார்த்ததெல்லாம் காகிதம்தான். ஓய்வுக்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பென்ஷன் மனு, பெயர் திருத்தம், ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் உயிர்ச் சான்று என்று வருகிறவர்களுக்குச் செய்து கொடுக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒருவர், மற்றவர்கள் எல்லாம் கிளம்பும் வரை காத்திருந்து, செருப்பைப் போடப் போவது போலப் போய் திரும்பி வந்து, ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டேன். அப்புறம் அதே மாதிரிக் கேள்வியோடு வேறு சிலரும் வந்தார்கள். அந்தக் கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் கீழே.

அண்ணாச்சி, முதலில் இதற்கு மரியாதையான ஒரு பெயர் உண்டா?

உண்டு. தன்பாலீர்ப்பு. ஆணுக்கு ஆணிடமும் பெண்ணுக்குப் பெண்ணிடமும் ஏற்படும் ஈர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் தமிழ்நாடு அரசு 2022-ல் இது போன்ற சொற்களுக்கு ஒரு பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகைகளும் போலீசாரும் கண்டபடி எழுதக் கூடாது என்பதற்காக. பட்டாளத்தில் இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

நம்ம மாவட்டத்தில் அப்படிப்பட்ட முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்களா?

இதென்ன கேள்வி. அருமனையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் எது? குளச்சலில் 1741-ல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் படையின் வாரிசு என்று மெட்ராஸ் ரெஜிமென்ட் இன்றும் அந்த வெற்றித் தூணுக்கு மரியாதை செலுத்துகிறது. அவ்வளவு பழைய பட்டாள வழக்கம் இந்த மண்ணில். அத்தனை பேர் போன இடத்தில் இவர்கள் மட்டும் போகாமல் இருந்திருப்பார்களா?

ஆனால் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். அதற்கு நம்மூர்க் காரணம் ஒன்று இருக்கிறது. இங்கே 'மிலிட்டரிக்காரர்' என்பது வேலையின் பெயர் மட்டும் இல்லை. வீட்டு கேட்டில் பெயரோடு சேர்த்து எழுதுவது, கல்யாணப் பேச்சில் முதலில் சொல்வது, கோயில் கமிட்டியிலும் சர்ச் கமிட்டியிலும் முன்வரிசை வாங்கித் தருவது. அதற்கு ஒரு குறை வந்துவிடும் என்று தெரிந்தால் யாரும் வாய் திறப்பார்களா? என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் கல்யாணம் ஆனவர்கள். மீதிப் பேர் 'அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்' என்று சொல்லி ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்.

377 போய்விட்டதே, அப்புறம் என்ன பிரச்சினை?

1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில், தன்பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டு வந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வயது வந்தவர்கள் மனமொத்துச் செய்வது குற்றமே இல்லை என்று தீர்த்துவிட்டது. அதுவரை சரி.

பட்டாளத்துக்கு வேறு கணக்கு. அரசியலமைப்பின் 33-வது பிரிவு, ராணுவத்தினருக்கு அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் 45, 46 என்று இரண்டு பிரிவுகள். 45 அதிகாரிகளுக்கும் ஜே.சி.ஓ. என்ற இளநிலை அதிகாரிகளுக்கும் உரியது: பதவிக்குப் பொருந்தாத நடத்தை. 46 எல்லோருக்கும்: கொடூரமான, அநாகரிகமான, அல்லது 'இயற்கைக்கு மாறான' வெட்கக்கேடான நடத்தைக்கு ஏழு வருஷம் வரை சிறை. எது இயற்கை, எது மாறானது என்று சட்டத்தில் விளக்கம் கிடையாது. அந்தச் சொல் 377-ல் இருந்த அதே சரக்குதான். வெளியே தூக்கி எறியப்பட்ட சொல் முகாமுக்குள் பத்திரமாக இருக்கிறது.

2019 ஜனவரியில் அப்போதைய தரைப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பத்திரிகையாளர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: நாங்கள் நாட்டின் சட்டத்துக்கு மேலானவர்கள் இல்லை, ஆனால் ராணுவம் பழமையில் ஊறியது, இது இங்கே ஏற்றுக்கொள்ளப்படாது, ராணுவச் சட்டப் பிரிவுகளின்படியே நடவடிக்கை இருக்கும். அதற்குச் சில வாரம் முன்பு ஜகதாம்பிகா பால் என்ற ஆளுங்கட்சி எம்.பி.யே முப்படைச் சட்டங்களைத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டு வந்திருந்தார். தனிநபர் மசோதாக்களின் கதி உங்களுக்குத் தெரியும்.

பிடிபட்டால் என்ன ஆகும்? கோர்ட் மார்ஷலா?

கோர்ட் மார்ஷல் நடந்தால்கூட ஒரு வகையில் தேவலை. சாட்சி, குற்றச்சாட்டு, வாதம் என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். அதை எதிர்த்து மேலே போகலாம். எனக்குப் பயமெல்லாம் அமைதியாக அனுப்பி வைப்பதில்தான். 'இவர் சேவை இனித் தேவையில்லை' என்று நிர்வாக முறையில் ஒரு டிஸ்சார்ஜ் உண்டு. காரணம் ஒரு வரியில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் வேறு எதையாவது காட்டி ரெட் இங்க் என்ட்ரி, அதாவது சிவப்பு மையில் தண்டனைக் குறிப்பு, சேர்த்திருப்பார்கள்: தாமதமாக வந்தான், குடித்திருந்தான், சொன்னதைக் கேட்கவில்லை. உண்மையான காரணம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அதனால் அதை எதிர்த்து வாதாடவும் முடியாது.

இதில் ஒரு கிளார்க்குக்குத்தான் தெரியும் நுணுக்கம் இருக்கிறது. மத்திய அரசு வேலை ஒதுக்கீட்டு விதிகளில், நடத்தைக் கேட்டுக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ வெளியேற்றப்பட்டவர் 'முன்னாள் படைவீரர்' என்ற வரையறைக்குள் வர மாட்டார். சிப்பாய்க்குப் பொதுவாக 15 வருஷம் முடிந்தால்தான் சர்வீஸ் பென்ஷன். 13 வருஷத்தில் அனுப்பினால் அது போச்சு. டிஸ்மிஸ் ஆனால் செய்து முடித்த சேவைக்கும் பென்ஷன் கேட்க முடியாது. அதாவது ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம். டிஸ்சார்ஜ் புக்கில் நடத்தை என்ற இடத்தில் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் போதும். ஊருக்கு வந்து வங்கி செக்யூரிட்டி வேலைக்கு விண்ணப்பித்தால், அங்கே முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

வேறு காரணத்துக்காக அனுப்பியதாக எழுதப்பட்ட ஒரு டிஸ்சார்ஜ் உத்தரவை நானே டைப் அடித்திருக்கிறேன். எந்த யூனிட், எந்த வருஷம் என்று சொல்ல மாட்டேன். உண்மைக் காரணம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். டைப் அடித்து, இரண்டு கார்பன் பிரதி எடுத்து, கையெழுத்துக்கு அனுப்பினேன்.

வெளிநாட்டில் இவர்கள் எதற்காகப் போராடினார்கள்? ஊர்வலம் போகவா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் அவர்கள் கேட்டதெல்லாம் காகிதம், பதக்கம், பென்ஷன்.

பிரிட்டனில் 2000 ஜனவரி 12 வரை தன்பாலீர்ப்பாளர்களுக்குப் படையில் முழுத் தடை. ராணுவப் போலீஸ் அறையைச் சோதனை போடும், கடிதங்களைப் படிக்கும், யாரோடு என்ன செய்தாய் என்று மணிக்கணக்கில் கேட்கும். அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் கடற்படை அதிகாரி டங்கன் லஸ்டிக்-பிரீன், விமானப் படையில் நர்ஸாக இருந்த ஜெனட் ஸ்மித் உட்பட நான்கு பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1999 செப்டம்பரில் தீர்ப்பு: அந்த விசாரணையும் வெளியேற்றமும் தனிவாழ்க்கைக்கான உரிமையை மீறியவை. மூன்றரை மாதத்தில் தடை போய்விட்டது.

தடை போனதும் பழையவர்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. ஜோ ஔசலிஸ் என்று ஒருவர். ஃபாக்லாந்து சண்டையில் இருந்த கடற்படை ரேடியோ ஆபரேட்டர். ஏறக்குறைய 18 வருஷ சேவைக்குப் பிறகு 1993-ல் அனுப்பினார்கள். நீண்ட சேவை, நன்னடத்தைக்கான பதக்கத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அது திரும்பி வந்தது 2020-ல். இருபத்தேழு வருஷம். நன்னடத்தைப் பதக்கம் என்ற பெயரைக் கவனியுங்கள்.

முன்னாள் நீதிபதி ஈதர்டன் பிரபு தலைமையில் ஒரு குழு பாதிக்கப்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கி, 2023 ஜூலையில் 49 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அன்றைய பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2024 டிசம்பரில் இழப்பீடு அறிவித்தார்கள்: பாலீர்ப்பு காரணமாக வெளியேற்றப்பட்டவருக்கு 50,000 பவுண்டு, பட்ட துன்பத்துக்கு மேற்கொண்டு 20,000 வரை, மொத்தம் 7.5 கோடி பவுண்டு ஒதுக்கீடு. 2025 அக்டோபரில் மன்னர் சார்லஸ் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார். அது வெண்கலத்தில் வார்த்த, கசங்கிய ஒரு கடிதம். விசாரணையில் ஆதாரமாகப் பிடித்த காதல் கடிதங்களின் நினைவாக.

உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாய் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். எதிரியாக வந்து பிடிபட்டு, பிறகு நம் படைக்குப் பயிற்சி கொடுத்தவனுக்கே தமிழிலும் லத்தீனிலும் கல்வெட்டு வைத்த ஊர் இது. கல்வெட்டின் அருமை நமக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதையா?

அங்கே காகிதத்தின் நிறமே தண்டனை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீல நிறத்தில் ஒரு டிஸ்சார்ஜ் தாள் கொடுத்தார்கள். கௌரவமானதும் இல்லை, அவமானமானதும் இல்லை என்று பேருக்குச் சொன்னாலும், நீலத் தாள் வைத்திருப்பவனுக்குப் படிப்புக்கும் வீட்டுக்கும் கிடைக்க வேண்டிய சலுகைகளை அலுவலகங்கள் மறுத்தன. வேலை தருகிறவர்களும் தாளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். 1941 முதல் 1945 வரை 48,000-க்கு மேற்பட்டவர்களுக்கு அது போனது. தன்பாலீர்ப்பாளர்கள் மட்டுமில்லை, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பின வீரர்கள். யாரைப் பிடிக்கவில்லையோ அவர்களுக்கு ஒரே நிறம்.

1975-ல் லெனார்ட் மேட்லோவிச் என்ற விமானப் படை சார்ஜென்ட் தானாகவே மேலதிகாரியிடம் கடிதம் கொடுத்து, 'நான் இப்படித்தான், என்ன செய்வீர்கள்' என்று கேட்டார். வியட்நாமில் காயம்பட்டுப் பதக்கம் வாங்கியவர். அவரையும் அனுப்பினார்கள். வாஷிங்டனில் அவர் கல்லறைக் கல்லில் அவரே எழுதச் சொன்ன வரி: ராணுவத்தில் இருந்தபோது இரண்டு ஆண்களைக் கொன்றதற்குப் பதக்கம் தந்தார்கள், ஒருவனை நேசித்ததற்கு டிஸ்சார்ஜ் தந்தார்கள். இதை நான் திண்ணையில் ஒருவரிடம் சொன்னபோது அவர் அதை எழுதித் தரச் சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிறகு 'கேட்காதே, சொல்லாதே' என்று ஒரு கொள்கை வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் இருக்கலாம் என்பது அதன் சாரம். அதன் கீழும் 13,000 பேருக்கு மேல் போனார்கள். 2011 செப்டம்பர் 20-ல் அது முடிந்தது. 2024-ல் அதிபர் பைடன் பழைய ராணுவச் சட்டப் பிரிவில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். கனடாவில் 2017-ல் பிரதமரே மன்னிப்புக் கேட்டு, இழப்பீடு உட்பட 14.5 கோடி கனடா டாலர் வரையிலான உடன்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

இந்தியாவில் யாராவது வெளிப்படையாகச் சொன்னதுண்டா?

2020-ல் மேஜர் ஜே. சுரேஷ் தொலைக்காட்சியிலேயே சொன்னார். படையை விட்டு வந்த பிறகு. அதைக் கேட்டு இயக்குநர் ஓனிர் ஒரு திரைக்கதை எழுதினார். ராணுவம் சம்பந்தப்பட்ட படத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆட்சேபணை இல்லாச் சான்று வேண்டும். 2022 ஜனவரியில் அது மறுக்கப்பட்டது. ஒரு ஆளைத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்தேன், கதையையும் அனுப்பிவிட்டார்கள்.

சரி, ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பிரிட்டனில் தடை பகிரங்கமாக இருந்ததால் ஃபைல் இருந்தது. ஃபைல் இருந்ததால் இழப்பீடு கேட்க முடிந்தது. இங்கே யாரை, எதற்காக அனுப்பினார்கள் என்று தேடினால் என்ன கிடைக்கும்? நான் டைப் அடித்த மாதிரித் தாள்கள்தான்.

திருநங்கைகள் நிலை?

உச்ச நீதிமன்றத்தின் 2014 நால்சா வழக்குத் தீர்ப்பும் 2019-ம் ஆண்டுச் சட்டமும் அவர்களுக்குச் சட்ட அங்கீகாரம் தருகின்றன. ஆனாலும் 2017-ல், விடுப்பில் போய்ப் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட சபி என்ற கடற்படை வீரரை 'சேவை தேவையில்லை' என்றே அனுப்பினார்கள். அதே வரி.

ஒழுங்கு கெட்டுவிடாதா அண்ணாச்சி? ஒரே பாரக்கில் எப்படி?

நெதர்லாந்து 1974-லும், கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1992-லும் தடையை எடுத்தன. அந்தப் படைகள் இன்னும் அணிவகுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதைவிட, என் சொந்த அனுபவம்: ஒரே பாரக்கில் எத்தனையோ வருஷம் அவர்களோடுதான் இருந்திருக்கிறேன், தெரியாமலே. தெரியாதவரை ஒழுங்கு கெடவில்லையே.

மேலதிகாரி பலவந்தப்படுத்தினால்? அதையும் சரி என்பீர்களா?

இல்லவே இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் பெரிய அநியாயம். இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 2018 தீர்ப்புக்குப் பிறகும் 377-ல் பலவந்தத்துக்கு எதிரான பகுதி உயிரோடு இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஆணுக்குப் பொதுச் சட்டத்தில் நேரான பிரிவு இல்லாமல் போயிற்று. அதனால் பட்டாளத்துக்குள் 46-ஐ முழுசாக எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலவந்தம் என்று தெளிவாக எழுதட்டும். 'இயற்கைக்கு மாறான' என்பதை எடுக்கட்டும். தப்பு செய்தவனையும் நேசித்தவனையும் ஒரே பிரிவில் நிறுத்துகிறது இப்போதைய வாசகம்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று அம்மா சொல்கிறார்கள்.

ஆகாது. சம்பந்தமில்லாத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகும். நமக்கு உயர் நீதிமன்றம் மதுரைக் கிளை என்றாலும் சென்னையில் சொன்னது இங்கேயும் செல்லும்: 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பதைத் தடை செய்தார். அதன் பிறகு தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவரின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டது. அந்த நீதிபதி, இது பற்றித் தனக்கே சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த உத்தரவை எழுதினார். நீதிபதி அப்படிச் செய்யலாம் என்றால் ஊர்ப் பெரியவர்களும் செய்யலாம். டாக்டரிடமோ ஜெபக் கூட்டத்திலோ, மந்திரவாதியிடமோ காசைக் கொட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

எனக்குப் பிறகு கூட வாழ்கிறவருக்குக் குடும்பப் பென்ஷன் போகுமா?

போகாது. முதலில் செருப்பைப் போடப் போவது போலப் போய்த் திரும்பி வந்தவர் கேட்டது இதைத்தான். விதியில் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் என்று வரிசை இருக்கிறது. துணைவர் என்ற சொல் இல்லை. குடும்பப் பென்ஷனை உயில் எழுதியும் மாற்ற முடியாது, அது நம் சொத்து கிடையாது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் கார்டும் அப்படியே. 2023 அக்டோபர் 17-ல் சுப்ரியோ வழக்கில், தன்பாலினத் திருமணத்துக்கு இப்போதைய சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு போட்டு மற்ற உரிமைகளைப் பார்க்கிறோம் என்றது அரசு. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி.

ஆனால் கைக்கு எட்டுவது சில உண்டு. 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம், இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதவும் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொந்தமாகச் சம்பாதித்த வீட்டையும் நிலத்தையும் யாருக்கும் உயில் எழுதலாம், உறவுமுறை கேட்க மாட்டார்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் அண்ணன் தம்பிகள் வருவார்கள். சாட்சிகள் இரண்டு பேர். சொத்தைப் பெறப் போகிறவர் சாட்சியாகக் கையெழுத்துப் போடக் கூடாது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்றில்லை, இவர்களும் குடும்பமாக வாழலாம் என்று ஒரு ஆட்கொணர்வு வழக்கில் சொன்னதும் ஒரு பிடிமானம்.

பழைய டிஸ்சார்ஜை மாற்ற முடியுமா?

முயற்சி செய்யலாம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குத்தான் நாம் போக வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. முதலில் ராணுவத்துக்குள்ளேயே மனு கொடுத்து மறுப்பு வாங்கியிருக்க வேண்டும். இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் மன்னிக்கவும் அதிகாரம் உண்டு. பென்ஷன் மாதிரி மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்றால் தாமதத்தைக் கொஞ்சம் இளக்கமாகப் பார்ப்பார்கள். நிலுவை மட்டும் வழக்கமாக மூன்று வருஷத்துக்கு மேல் பின்னோக்கிப் போகாது. நான்கு ரெட் இங்க் சேர்ந்துவிட்டது என்பதற்காகத் தானாக அனுப்பிவிடக் கூடாது, சேவைக் காலத்தையும் மற்றதையும் எடைபோட வேண்டும் என்று 2015-ல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பலருக்குக் கை கொடுத்திருக்கிறது. மனுவில் உண்மைக் காரணத்தை எழுதுவதா வேண்டாமா என்பதை நான் தீர்மானிக்க மாட்டேன். நீங்களும் வக்கீலும் பேசுங்கள்.

உங்களைப் பார்க்க வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவு, ஆதார், வங்கிப் புத்தகம், இரண்டு போட்டோ. தண்டனை உத்தரவு ஏதாவது கையில் இருந்தால், கிழிந்திருந்தாலும், லேமினேஷன் போடாமல் அப்படியே. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்தால் திண்ணையில் கூட்டம் இருக்காது. நாமினி படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள் பெயரையும் வயதையும் மட்டும் எழுதுங்கள். 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டுவிட்டு வாருங்கள், பேசி நிரப்புவோம்.